ஃபெல்ட் நட்சத்திரத்துக்கு 49 ரூபாயா?

டிசம்பர் பிறந்தா நம்ம காலேஜ்ல ரெண்டு விஷயம் தப்பாம நடக்கும். ஒண்ணு, செமஸ்டர் எக்ஸாம். இன்னொண்ணு, யாராவது ஒருத்தர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல "ஹேண்ட்மேட் கிறிஸ்துமஸ் ஆர்னமென்ட்ஸ், ஒண்ணு 49 ரூபாய் மட்டுமே"ன்னு போடுறது. ஃபெல்ட் துணியில வெட்டி, கையால தைச்சு, உள்ளே பஞ்சு அடைச்ச நட்சத்திரம், மணி, தேவதை. பார்க்க அழகாத்தான் இருக்கு. தைக்கிறதைப் பத்தி எனக்கு ஒரு புகாரும் இல்லை. நானே ரெண்டு வருஷமா வீட்டுக்குத் தைக்கிறேன். என் சண்டையெல்லாம் அந்த 49 ரூபாயோடதான். வீட்ல இருக்கறவங்களுக்குத் தைச்சுக் கொடுங்க, ரொம்ப நல்லது. விக்கணும்னா விலையை ஒழுங்கா போட்டு வில்லுங்க, அதுவும் நல்லது. ரெண்டுக்கும் நடுவுல "சும்மா பொழுதுபோக்குக்குப் பண்ணேன், அதான் சீப்பா தர்றேன்"னு ஒண்ணு இருக்கே, அதைத்தான் விட்டுடணும்னு சொல்ல வர்றேன்.

தைச்சே பார்க்காதவங்களுக்காக முதல்ல இந்த வேலை என்னன்னு சொல்லிடறேன்.

ஃபெல்ட் நெய்த துணி கிடையாது. அதுல பாவும் இல்லை, ஊடையும் இல்லை. கம்பளி இழையின் மேல்பரப்பில் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் இருக்கும். ஈரம், சூடு, தேய்ப்பு மூணும் சேரும்போது இழைகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டு இறுகிடும். அதுதான் அசல் கம்பளி ஃபெல்ட். நமக்கு ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற ஏ4 சைஸ் கலர் ஷீட் பெரும்பாலும் பாலியஸ்டர். முள் வெச்ச ஊசிகளை வரிசை வரிசையா இறக்கிக் குத்தி இழைகளைச் சிக்க வைக்கிறாங்க. டெக்ஸ்டைல் பசங்க 'நீடில் பஞ்ச்'னு படிச்சிருப்பாங்க. உருவி வர்றதுக்கு நூலே இல்லாததால வெட்டின ஓரம் பிரியாது, மடிச்சு அடிக்க வேண்டாம். கத்துக்குட்டிக்கு இதைவிட நல்ல துணி கிடையாது. சுருக்கம் எடுக்கறேன்னு அயர்ன் பாக்ஸைச் சூடா வெச்சுடாதீங்க, பாலியஸ்டர் உருகி ஒட்டிக்கும்.

ஒரே அளவுல ரெண்டு நட்சத்திரம் வெட்டணும். எம்பிராய்டரி நூல் ஆறு இழையா இருக்கும், அதுல ரெண்டு இழையை மட்டும் பிரிச்சு ஊசியில கோக்கணும். ஓரத்துக்குப் போடறது பிளாங்கெட் ஸ்டிச். தையல் புத்தகத்துல இதுக்குக் கம்பளித் தையல்னு பேரு. எங்க ஊர் டெய்லர் அண்ணன்கிட்ட காட்டினப்போ, "காஜா போடறதைத் தள்ளித் தள்ளிப் போடு தம்பி, அவ்வளவுதான்"னு ஒரே வரியில முடிச்சிட்டார். யூடியூப்ல பத்து நிமிஷம் சொன்னதைவிட அது தெளிவா இருந்துச்சு. நட்சத்திரத்தோட வெளி முனை பிரச்சினை இல்லை. உள்பக்கம் மடியற மூலை இருக்கு பாருங்க, அங்கதான் தையல் சறுக்கும். அஞ்சு முனைன்னா அஞ்சு உள்மூலை. கடைசி முனையை மூடறதுக்கு முன்னாடி பஞ்சு அடைக்கணும். பழைய தலையணையைப் பிரிச்சு இலவம் பஞ்சை அடைக்கலாம், ஆனா அது காத்துல பறந்து சட்டையெல்லாம் ஒட்டும். கடையில விக்கிற பாலியஸ்டர் ஃபைபர் சொன்ன பேச்சைக் கேட்கும். பென்சிலோட பின்பக்கத்தால முனை வரைக்கும் தள்ளுங்க.

நாலு இஞ்ச் நட்சத்திரம் ஒண்ணை வெட்டறதுல இருந்து கயிறு கட்டற வரைக்கும் எனக்கு இப்போ 1 மணி 40 நிமிஷம் ஆகுது. வேகமா தைக்கிறவங்களுக்கு ஒரு மணி நேரம்னு வெச்சுக்கலாம்.

இப்போ நம்ம ஸ்டேட்டஸ் கணக்குக்கு வருவோம். துணி, நூல், பஞ்சு, ரிப்பன் எல்லாம் சேர்த்து ஒரு நட்சத்திரத்துக்கு 20 ரூபாய்னு எடுத்துக்கோங்க. 49-ல மிச்சம் 29. அதை 100 நிமிஷத்தால வகுத்தா மணிக்கு 17 ரூபாய் சொச்சம். 2024-25-ல தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். எட்டு மணி நேரமா பிரிச்சா மணிக்கு 40 ரூபாய். அந்தக் கூலியே பத்தலைன்னு எங்க ஊர்ல பேசுவாங்க. அதுல பாதிகூட இல்லாத கூலிக்கு ஒரு பி.இ. மாணவர் வேலை செய்யறார், அதையும் பெருமையா ஸ்டேட்டஸ்ல போடறார்.

"என் நேரம், என் இஷ்டம், உனக்கென்ன?"ன்னு கேட்கலாம். கேட்டும் இருக்காங்க.

இதுல அடிபடறது அந்த மாணவர் இல்லை, அதான் விஷயம். அவருக்கு மெஸ் பில் வீட்ல இருந்து கட்டறாங்க, பஸ் பாஸ் இருக்கு, ராத்திரி தைக்கிற ரூமுக்குக் கரண்ட் பில் அவர் கட்டறதில்லை. அதனால 29 ரூபாய் மொத்தமும் லாபம் மாதிரி தெரியுது. இதே ஊசி நூலை வெச்சுக் குடும்பம் நடத்தறவங்களுக்கு அப்படி இல்லை. பூதலூர்ல இருந்து திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் எந்தத் தெருவுல வேணும்னாலும் நடந்து பாருங்க, "இங்கு ஆரி ஒர்க், பிளவுஸ் தைத்துத் தரப்படும்"னு ஒரு போர்டு கண்ணுல படும். வயல் வேலை இல்லாத நாள்ல, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போன நேரத்துல, வாசல் வெளிச்சத்துல உட்கார்ந்து தைக்கிற அக்காக்கள். அவங்ககிட்ட ஒருத்தர் பேரம் பேசும்போது எதை உதாரணம் காட்டுவாங்கன்னு நினைக்கிறீங்க? "கையால தைச்சதே 49-க்குக் கிடைக்குது, நீங்க என்ன இவ்வளவு சொல்றீங்க?" நம்ம பொழுதுபோக்கு இன்னொருத்தர் கூலியைக் கீழே இழுக்குது. தெரிஞ்சு யாரும் பண்றதில்லை. ஆனா நடக்குது.

துணியை வெட்டித் துணி மேல வெச்சுத் தைக்கிற வேலை நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்லை. தேர் ஓடும்போது சுத்தி உருளை உருளையா தொங்குமே, தொம்பை, அது இந்த வேலைதான். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைன்னு துணியைப் பூவா, மயிலா வெட்டி வெச்சுத் தைச்சிருப்பாங்க. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இதையே தொழிலா செய்ற குடும்பங்கள் இருக்கு. தேர் நகரும்போது கீழே நின்னு பார்க்கிற நமக்கு அது ஒரு கலர் அசைவு, அவ்வளவுதான். ஒரு அடிக்கு எத்தனை தையல்னு எனக்குத் தோண ஆரம்பிச்சதே நான் ஊசியை எடுத்ததுக்கு அப்புறம்தான்.

விக்கிறதே தப்புன்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்க வேண்டாம். கைவேலையை வித்து வாழ்க்கையையே மாத்தினவங்க நம்ம மாநிலத்துலயே உண்டு. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட், 1820-களில் நாகர்கோவில் பெண்கள் பள்ளியில லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. அப்போ அந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே அடிமை முறை சட்டப்படியே இருந்த காலம், 1855-லதான் ஒழிச்சாங்க. அடிமைக் குடும்பத்துல பிறந்த பெண்கள் சிலர், லேஸ் பின்னிச் சம்பாதிச்ச காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கிட்டாங்க. லேஸுக்குக் கிடைச்ச விலை அவங்களுக்கு விடுதலைப் பணம். யாராவது பக்கத்துல உட்கார்ந்து பொழுதுபோக்கா பின்னி அதைப் பாதி விலைக்கு வித்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஃபெல்ட் பொம்மைக்கே ஒரு நல்ல கதை இருக்கு. ஜெர்மனியில கீங்கென்னு ஒரு சின்ன ஊர். மார்கரெட்டே ஸ்டைஃப் 1847-ல அங்கே பிறந்தாங்க. ஒண்ணரை வயசுல போலியோ, கால் ரெண்டும் போச்சு, வலது கையிலும் வலு இல்லை. தையல் மெஷின் சக்கரத்தை வலது கையால சுத்த முடியலைன்னு மெஷினையே திருப்பிப் போட்டு இடது கையால ஓட்டினாங்க. நம்ம பாஷையில சொன்னா, யூசரை மாத்தாம டிசைனை மாத்தினாங்க. சொந்தக்காரர் வெச்சிருந்த ஃபெல்ட் ஆலையில இருந்து துணி வரும். 1880-ல ஒரு பத்திரிகையில வந்த மாதிரியைப் பார்த்து, ஃபெல்ட்டுல குட்டி யானை தைச்சு, ஊசி குத்தி வைக்கிற மெத்தையா தெரிஞ்சவங்களுக்குக் கிஃப்ட்டா கொடுத்தாங்க. வீட்டுக் குழந்தைங்க ஊசியைத் தூக்கிப் போட்டுட்டு யானையை விளையாட எடுத்துக்கிச்சு. அப்புறம்தான் விற்பனை. 1886 வாக்கில் ஐயாயிரம் யானைக்கு மேல வித்துடுச்சு. இன்னைக்கும் டெடி பேருக்குப் பேர் போன ஸ்டைஃப் கம்பெனி அங்கிருந்து வளர்ந்ததுதான். அவங்க விக்க ஆரம்பிச்சப்போ அதைத் தொழிலா, ஆள் வெச்சு, கூலி கொடுத்துச் செஞ்சாங்க. கொடுக்கறப்போ கிஃப்ட், விக்கறப்போ தொழில். நான் கேட்கறதும் அதைத்தான்.

சரி, அப்போ வீட்டுக்கு எதுக்குத் தைக்கணும்? கடையில பத்து ரூபாய்க்குப் பளபளன்னு பிளாஸ்டிக் பந்து கிடைக்குதே?

எனக்கு இதுல பெரிய தத்துவம் கிடையாது. வீட்ல இருக்கற ஒவ்வொருத்தரையும் 1 மணி 40 நிமிஷம் வேற வேலை இல்லாம நினைக்க வேற வாய்ப்பு எனக்குக் கிடைக்கறதில்லை. ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணா நாலு நிமிஷத்துல "சாப்டியா, சாப்டேன்" முடிஞ்சிடுது. அப்பாவுக்கு என்ன தைக்கலாம்னு யோசிச்சப்போதான் அவருக்கு என்ன பிடிக்கும்னே எனக்குச் சரியா தெரியலைன்னு புரிஞ்சது. அம்மாகிட்ட கேட்டு, கடைசியில வெள்ளை ஃபெல்ட்டுல ஒரு கொக்கு தைச்சேன். உழவு ஓட்டும்போது பின்னாடியே வர்ற கொக்கை அவர் எண்ணிக்கிட்டே வருவாராம். அதை அவர் மரத்துல மாட்டலை, பைக் சாவியில கோத்துக்கிட்டார். வெள்ளைக் கொக்கு இப்போ கிரீஸ் கலர்ல இருக்கு. அப்பாயிக்குக் கொடுத்த நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுக்கா ராவெல்லாம் உக்காந்த? கண்ணு போயிரும்டா"ன்னாங்க. அப்புறம் பக்கத்து வீட்ல, எதிர் வீட்லன்னு ஒரு வீடு பாக்கியில்லாம காட்டிட்டு வந்தாங்க.

பசங்க தைக்கிறதான்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி: உங்க பேன்ட்டைத் தைச்சுக் கொடுத்தது யாரு? கடை வெச்சுச் சம்பளத்துக்குத் தைச்சா ஆம்பளை வேலை, வீட்ல சும்மா தைச்சா பொம்பளை வேலை. யார் எழுதின சிலபஸ் இதுன்னு தெரியலை.

என்ன தைக்கிறதுங்கறதுலயும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பின்ட்ரெஸ்ட்ல இறங்கற டெம்ப்ளேட் எல்லாம் பனிமனிதன், கலைமான், கையுறை. பூதலூர்ல டிசம்பர்னா விடாத மழை, பால் பிடிச்சு நிக்கற சம்பா, வழுக்கற வரப்பு. மழை கொஞ்சம் விட்டா பூண்டி மாதா கோயிலுக்குப் போறவங்க ஸ்டேஷன்ல இறங்குவாங்க. வாசல்ல மார்கழிக் கோலம், அதுக்கு மேல பேப்பர் நட்சத்திரத்துக்குள்ள பல்பு. எங்க வீட்டு கிறிஸ்துமஸ் மரம் சவுக்குக் கிளை. குடிலுக்குக் கூரை குறுவை வைக்கோல், தரைக்குத் தட்டுல முளைக்கப் போட்ட நெல்லு நாத்து. அந்தச் சவுக்குக் கிளையில ஒரு நெற்கதிர், ஒரு கொக்கு, ஒரு வயல் நண்டு தொங்கினா யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தங்கச்சிக்குப் பனிமனிதன்தான் வேணும்னா அதையும் தைச்சுக் கொடுங்க, சண்டை போடாதீங்க.

விக்கறதா முடிவு பண்ணவங்களுக்கு: உங்க மணிக் கூலியை முதல்ல எழுதுங்க, 60-ஓ 80-ஓ. அதை நேரத்தால பெருக்கி, சாமான் செலவைச் சேர்த்து, அந்த விலையைப் போடுங்க. நட்சத்திரம் 120, 150-னு வரும். யாரும் வாங்கலைன்னா அந்த வேலைக்கு இங்கே சந்தை இல்லைன்னு ஒரு விஷயம் தெரிஞ்சுபோச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. காலேஜ் ஃபெஸ்டுக்கு ஸ்டால் போடறப்போ, பக்கத்து ஊர் மகளிர் குழுவுல தைக்கிறவங்களைக் கூப்பிடுங்க. டிசைன், போட்டோ, ஆன்லைன் ஆர்டர் நம்ம பார்த்துக்கலாம். தையலும் காசும் அவங்களுது. நமக்கு ரெக்கார்ட் நோட்ல எழுத ஒரு புராஜெக்ட் கிடைக்கும்.

இந்த வருஷம் ஆரம்பிக்கறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. லாஸ்ட் எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கே துணி வாங்கிடுங்க. 23-ம் தேதி போனா சிவப்பும் பச்சையும் தீர்ந்திருக்கும், பிரவுன் மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் அவங்கவங்க பேரோட முதல் எழுத்தைப் பின் தையல்ல போடுங்க. ரெண்டு துணியையும் சேர்க்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும், அப்போதான் முடிச்சு உள்ளே மறையும். 'ப'ன்னா எல்லாம் நேர்க்கோடு, அஞ்சு நிமிஷ வேலை. 'இ'ன்னா ஒரு சாயங்காலம் தனியா ஒதுக்குங்க.