திரைக்கு இந்தப் பக்கம்

மனநோய்க்குத் திரை வழியே வைத்தியம் என்றதும் நம் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். யந்திரத்துக்கு மனசு இல்லையாம். இதைச் சொல்லப் பெரிய பிரக்ஞை எதுவும் வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, நமக்குத் தெற்கே ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைத்திருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அந்தச் சங்கிலிகளைப் பூட்டியவை மனசுள்ள மனிதர்களின் கைகள். ஆகவே மனித ஸ்பரிசம் பற்றிய உருக்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசலாம்.

திரையை எதிர்ப்பது என் நோக்கமல்ல. திரையின் கணக்கில் வரவு வைக்கப்படுவது வேறு யாருடைய உழைப்போ என்பதுதான் என் கட்சி.

1984இல் சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே ஓர் அறை, காமிரா, டி.வி. டாக்டர் சென்னையில், நோயாளியும் குடும்பமும் பஸ்ஸில். அவர் எழுதிய மருந்தை அங்கேயே இலவசமாகக் கொடுத்தார்கள். பார்த்தவர்கள் டி.வி.யை வியந்தார்கள். ஆனால் பஸ்ஸோடு பயிற்சி பெற்ற களப்பணியாளர்களும் இருந்தார்கள். 'காத்துக் கருப்பு' என்று ஒரு தாய் சொன்னால், சிரிக்காமல் கேட்டு, மகனை பஸ் வரைக்கும் கூட்டி வர ஓர் ஆள் வேண்டும். அடுத்த மாதம் அவன் வராவிட்டால் ஏன் என்று கேட்கவும் ஆள் வேண்டும். இதை எந்தக் காமிரா செய்தது?

2022 அக்டோபரில் டெலி மானஸ் வந்தது. 14416க்குப் பேசினால் தமிழில் கேட்க மனிதர் உண்டு, காசு இல்லை. நல்லது. 2024இல் அதற்குச் செயலியும் வந்தது. இப்போது ஆளே இல்லாத செயலிகளின் காலம். நாம் எழுதுவதற்கு யந்திரமே ஆறுதல் எழுதுகிறது. இது புதிதல்ல. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைஸன்பாம் இப்படி ஒன்றைச் செய்து, ஷாவின் பூக்காரி பெயரையே, எலிஸா என்று, அதற்கு வைத்தார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் யந்திரம். அது வெறும் நிரல் என்று தெரிந்திருந்தும் அவருடைய காரியதரிசி, அதனுடன் தனியாகப் பேச வேண்டும், வெளியே போங்கள் என்று அவரையே கேட்டுக்கொண்டார். வைஸன்பாம் கலங்கிப் போனார். 1976இல் யந்திரத்திடம் ஒப்படைக்கக் கூடாத காரியங்கள் உண்டு என்று புத்தகமே எழுதினார்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தனக்கு ஏதோ சரியில்லை என்று உணர்ந்து, அதை எழுதவும் தெரிந்தவனுக்கு, நடு ராத்திரியில் யந்திரம் ஒரு துணையாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மனச்சிதைவில் பலருக்குத் தனக்கு நோய் என்பதே தெரிவதில்லை. அதுவும் நோயின் ஒரு கூறு. அவன் எந்த எண்ணையும் அழைக்க மாட்டான். மாத்திரையை நிறுத்திவிட்டு ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பவனை எந்தச் செயலி போய்க் கூப்பிடும்?

நான் வங்கிக் குமாஸ்தா. முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்த காலத்தில், கிழவி கதவைத் திறக்காவிட்டால் தபால்காரருக்குத் தெரிந்தது. இப்போது பணம் கணக்கில் ஏறுகிறது. எடுக்க வருகிறவளை எனக்குத் தெரியும். வராதவளின் பணம் மேலும் மேலும் ஏறிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் அதைப் பிழை என்று காட்டாது. அதன் அளவில் எல்லாம் சரி.

2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. சிகிச்சையை உரிமை ஆக்கியது. உரிமை, கேட்டு வருகிறவனுக்கு மட்டும்தானா? புதிதாக ஒரு செயலியைத் திறந்து வைக்கும்போதெல்லாம், வீடு தேடிப் போக எத்தனை பேருக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஆளைக் குறைக்கத்தான் இது என்றால் சிக்கனம் என்று சொல்லட்டும். வைத்தியம் என்று சொல்ல வேண்டாம்.