பேக்கப் இருந்தது, பில் கிடைக்கவில்லை

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை நம் வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். மூட்டைகளை மேலே ஏற்றி அடுக்கிய நாம், மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரைக் கோட்டை விட்டோம். பேக்கப்தான் இருக்கிறதே என்ற தைரியம். இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை.

கணக்கு சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி வைத்திருந்தது. அதைப் பிரிக்க அதே சாஃப்ட்வேர் வேண்டும். நமக்குத் தேவைப்பட்டதோ ஒரே ஒரு ரசீது. சரக்கு அனுப்பிய வெளியூர்க்காரர் பாக்கி என்கிறார், நாம் தீர்த்தாயிற்று என்கிறோம். ரசீது கைக்கு வர ஒன்பது நாளாயிற்று. அதற்குள் முப்பது வருடப் பழக்கத்தில் கசப்பு விழுந்துவிட்டது. இன்றும் அவர் முன்போல் கடனுக்குச் சரக்கு அனுப்புவதில்லை.

பேக்கப் என்பது பேரேடு மாதிரி புரட்டிப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது நமது கருத்து. பில்களை பி.டி.எஃப். ஆகவும், பேரேட்டை எக்செல் அல்லது சி.எஸ்.வி. ஆகவும் மாதாமாதம் எடுத்துத் தனி ஃபோல்டரில் போடலாம். ஃபோல்டர் பெயரில் வருடம் முதலில், மாதம் அடுத்து, 2025-04 என்று வைத்தால் தானாக வரிசையில் நிற்கும். சாஃப்ட்வேரின் பேக்கப்பும் கூடவே இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இடத்தைச் சுருக்க வேண்டுமானால் ஜிப் நல்லது. அதில் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது, கடைசியில் பட்டியலும் இருக்கிறது. ஆகவே மற்றவற்றைப் பிரிக்காமலே ஒரு பில்லை மட்டும் எடுக்கலாம். விண்டோஸே திறந்துவிடும். கம்ப்யூட்டர் பையன்கள் சொல்லும் 'டார்-ஜிஇசட்' அப்படியல்ல. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பிறகு மொத்தமாகச் சுருக்குவது அது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே ஆரம்பத்திலிருந்து படித்து வர வேண்டும், நடுவில் பழுதானால் அதற்குப் பின்னுள்ளதும் போகக்கூடும். ஜிப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. எழுதி முடிவதற்குள் பென் டிரைவைப் பிடுங்கினால் பட்டியல் இல்லாமல் போய்விடும்.

2017-இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்த 72 மாதத்தில் நாம் எத்தனை கம்ப்யூட்டர் மாற்றுவோம்!

நம்மூர் ஆனந்தரங்கப் பிள்ளையும் வியாபாரிதான். 1736 முதல் தேதி போட்டு நாட்குறிப்பு எழுதி வைத்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும், வேண்டிய நாளைப் புரட்டிக்கொள்ளலாம்.

இப்போது மாதக் கடைசியில் பழைய பில் ஒன்றை, கணக்கு சாஃப்ட்வேர் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் நாமே திறந்து பார்க்கிறோம். நமது சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைக் கற்றுத்தர ஏற்பாடு செய்தால், பென் டிரைவோடு முதல் ஆளாக வந்து உட்காருவோம்.