சொன்னதையே சொல்லலாமா?

"சொன்னதையே எத்தனை தடவைதான் சொல்வது?" என்று அலுத்துக்கொள்ளாத தாய் இல்லை. "படித்ததையே எத்தனை தடவைதான் படிப்பது?" என்று முணுமுணுக்காத பிள்ளையும் இல்லை.

திரும்பச் சொல்வது வீண் வேலையா? இல்லை. முறையோடு செய்தால் அதைப்போல் பயன் தருவது வேறு இல்லை.

முதலில் பேச்சைப் பார்ப்போம். பாம்பைக் கண்டவன் ஒரு முறை சொல்லி நிறுத்துவானா? "பாம்பு! பாம்பு! பாம்பு!" என்று அலறுகிறான். முதல் சொல், செய்தி. மற்ற இரண்டும் அவனுடைய அச்சம். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். "வாங்க, வாங்க!" என்கிறோம். முதல் "வாங்க" மரியாதை. இரண்டாவது "வாங்க" மகிழ்ச்சி.

இதற்கு அடுக்குத்தொடர் என்று பெயர். இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சொல்லை இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கலாம் என்று பவணந்தி முனிவரின் நன்னூல் கூறுகிறது. அளவு மீறினால் கேட்பவருக்குச் சலிப்புத்தான் மிஞ்சும்!

பேச்சுக்கு அளவு இருப்பதுபோல் படிப்புக்கும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்ற அறிஞர் இதைத் தம்மிடமே சோதித்துப் பார்த்தார். பொருள் இல்லாத அசைகளை வரிசையாக எழுதிவைத்து, மனப்பாடம் செய்தார். 1885-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை படித்தது என்ன பயன் தந்ததோ, அதே பயனை, மூன்று நாட்களில் பிரித்துப் படித்த 38 முறையே தந்துவிட்டது. 30 முறை மிச்சம்!

பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம், நாலு நாள் கழித்து மறுபடியும் ஒரு தடவை. இதுவே நல்ல வழி.

பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பிழை செய்த பிள்ளையை, "நூறு தடவை எழுது" என்று உட்கார வைப்பது தண்டனை, பயிற்சி அல்ல. பத்தாவது தடவைக்குப் பிறகு கைதான் எழுதும். மனம் எங்கேயோ போய்விடும். சில சமயம் பிழையும் சேர்ந்தே நூறு தடவை பதிந்துவிடும்! ஐந்து தடவை கவனமாக எழுதட்டும். மறுநாள் மறுபடியும் கேளுங்கள். அது போதும்.

வயது வந்தபின் எழுத்துக் கற்றவர்களுக்கு இது இன்னும் அவசியம். கையெழுத்துப் போடத் தெரிந்ததும் பாடப் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் உண்டு. பழக்கம் விட்டால் எழுத்து மறந்துபோகும். மறுபடியும் கடிதம் படிக்கவும், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிவரும். பட்ட பாடெல்லாம் வீண்!

அதற்குப் பெரிய புத்தகம் தேவை இல்லை. பஸ்ஸின் பெயர்ப் பலகை, கடை ரசீது, மருந்துச் சீட்டு, பத்திரிகைத் தலைப்பு, எது கண்ணில் பட்டாலும் படிக்கலாம். தினமும் பத்து நிமிடம் போதும். நேற்றுத் தடுக்கிய சொல்லை இன்று மறுபடியும் படிக்க வேண்டும்.

அம்மி தேய்ந்தாலும் குழம்பு ருசிக்கும். படித்ததையே படித்தால் எதுவும் தேயாது, அறிவுதான் வளரும்!