ராஜாவைத் தேடினா ரோஜா வர்றாங்க

1/ பௌர்ணமி ராத்திரி ஒரு மணி. கிரிவலம் 14 கிலோமீட்டர்ல பாதி நடந்த பெரியவர் ஒருத்தர் நெஞ்சுவலின்னு வந்தார். "முன்னாடியே இங்க பார்த்திருக்கேன் டாக்டர்." பேரு ராஜான்னு வச்சுக்கோங்க. கம்ப்யூட்டர்ல தமிழ்ல அடிச்சேன். முதல்ல வந்தது ரோஜா. அடுத்து ராஜி. அப்புறம் ராஜு.

2/ அவசரத்துல முதல் ஃபைலைத் திறந்துட்டேன். "அலர்ஜி இல்லை"ன்னு இருந்துச்சு. சிஸ்டர்தான் வயசைப் பார்த்துத் தடுத்தாங்க. அவரோட ஃபைல் ஆறாவது. அதுல "ஆஸ்பிரின் அலர்ஜி". நெஞ்சுவலிக்கு நாங்க முதல்ல கையில எடுக்கிற மாத்திரையே அதுதான்.

3/ சாஃப்ட்வேர் வித்தவங்க பதில்: "டேட்டாபேஸுக்குத் தமிழ் வராது சார், இங்கிலீஷ்ல அடிங்க." இது பொய். கோபத்தோட சொல்றேன், பொய்.

4/ அவங்க வச்சிருக்கிறது எஸ்க்யூலைட். அதுல வார்த்தை தேட எஃப்டிஎஸ்5-ன்னு ஒரு எக்ஸ்டென்ஷன், 2015-ல வந்தது. புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கிற சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்த ஃபைல்லன்னு குறிச்சு வச்சுக்கும்.

5/ சிக்கல் இங்கதான். எதையும் மாத்தாம விட்டா, அது எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் சொல்லோட பகுதியா எடுத்துக்கும். நம்ம கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோட்ல "குறி"ங்கிற தனி வகை. அது வர்ற இடத்துல எல்லாம் சொல்லை வெட்டிடும். ராஜா = ர, ஜ. ரோஜாவும் ர, ஜ.

6/ முருகன் = ம, ர, கன. மாரி = ம, ர. அதனால மாரியைத் தேடினா முருகனும் வருவார். கோயில் ஊர்ல புண்ணியம், கேஸ் ஷீட்ல ஆபத்து.

7/ தீர்வு? தேடல் அட்டவணையை உருவாக்கும்போது "குறி" வகையையும் சேர்த்துக்கோன்னு ஒரே ஒரு அமைப்பு. அட்டவணையை ஒரு தடவை திரும்பக் கட்டணும். அவ்வளவுதான்.

8/ அருணாசலம், அருணாச்சலம்னு ரெண்டு விதமா எழுதுறது இதுல தீராது. அதுக்கும் மூணு மூணு எழுத்தா நறுக்கி ஒப்பிடுற எக்ஸ்டென்ஷன் போஸ்ட்கிரெஸ்ல இருக்கு. 2019-ல வந்த அதோட 12-ம் பதிப்புல தமிழ்ச் சொல்லோட விகுதியை வெட்டித் தேடுற வசதியே சேர்த்துட்டாங்க. தமிழ் வராதாம்!

9/ "போன் நம்பர் வச்சுத் தேடலாமே?" வீட்டுக்கு ஒரு நம்பர், அதுல அஞ்சு பேர். "இங்கிலீஷ்ல அடிக்கலாமே?" லட்சுமிக்கு எத்தனை ஸ்பெல்லிங்னு எண்ணிட்டு வாங்க.

10/ டாக்டர்களே, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ராஜான்னு அடிச்சுப் பாருங்க. ரோஜா வந்தா திருப்பி அனுப்புங்க. மத்தவங்களுக்கு: உங்க அலர்ஜியை ஒரு சீட்டுல எழுதிப் பர்ஸ்ல வையுங்க. எங்க கம்ப்யூட்டரை இப்போதைக்கு நம்பாதீங்க.