பாஸ்புக்கில் ஒரு 20 ரூபாய்

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருவர் பாஸ்புக்கோடு வந்தார். வீட்டுக்காரர் லாரி டிரைவர்; விபத்தில் இறந்து ஏழு மாதமாகிறது. கணக்கை முடிக்க மனு எழுத வேண்டுமாம். நாமக்கல்காரர்களுக்கு இப்படிப்பட்ட சாவு புதிதல்ல.

பக்கங்களைப் புரட்டினேன். மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்தம். முந்தைய வருடமும் அப்படியே.

"இது எதுக்குன்னு தெரியுமாம்மா?"

"பேங்க்ல ஏதோ புடிப்பாங்கங்க. கேட்டதில்லைங்க."

அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். 2015-இல் வருடம் 12 ரூபாய்க்குத் தொடங்கியது. 2022 ஜூன் முதல் 20. விபத்தில் இறந்தால் 2 லட்சம். எப்போதோ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். பிறகு தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு சித்தாந்தமே உண்டு. ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008-இல் 'நட்ஜ்' என்று புத்தகம் போட்டார்கள். மனிதனுக்கு மறதியும் சோம்பலும் அதிகம். கட்டாயப்படுத்தாமல், நல்லதை முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிட்டு, வெளியேற வழியும் விடு என்பது சாரம். தேலருக்கு 2017-இல் நோபல் பரிசு. நம் மத்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையிலும் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள்.

எனக்கு எது நல்லதென்று முடிவு செய்ய அரசாங்கம் யார் என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்த டிரைவர் தானாகப் போய் இன்சூரன்ஸ் எடுத்திருக்கவே மாட்டார். (நானும்தான் எத்தனை வருடம் உயில் எழுதாமல் இருந்தேன்!) என் சண்டை வேறு. சேர்ப்பதில் உள்ள சுறுசுறுப்பு சொல்வதில் இல்லை. 2 லட்சம் இருப்பதே தெரியாத குடும்பம் அதை எப்படிக் கேட்கும்?

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதை. கடன் வாங்கிய விவசாயிக்கு 2020 காரீப் பருவத்திலிருந்து அது கட்டாயமில்லை. ஆனால் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே வேண்டாமென்று எழுதிக் கொடுக்காவிட்டால் பிடித்துவிடுவார்கள். தோட்டப் பயிருக்கு விவசாயி பங்கு 5 சதவீதம் வரை போகும். ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு போடும் என் மச்சானுக்கு அந்த ஏழு நாள் விவரமே நான் சொல்லித்தான் தெரிந்தது.

ஆன்லைன் கடைக்காரர்கள் சுலபமாகச் சேர்த்துவிட்டு, விலகுவதைச் சிக்கலாக்கினால் குற்றம் என்று 2023 நவம்பரில் மத்திய அரசே வழிகாட்டுதல் போட்டது. மொத்தம் 13 தந்திரங்களுக்குத் தடை. அதே நியாயம் அரசுத் திட்டத்துக்கும் வேண்டாமா? பிடிக்கிற அன்றே, எதற்குப் பிடித்தோம், செத்தால் யார் வந்து கேட்கலாம் என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி. வாரிசுதாரருக்கும் ஒன்று. பெரிய செலவா அது?

எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று எல்லாம் சேர்த்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை. கிளம்பும்போது அந்தப் பெண் பையிலிருந்து தன் பாஸ்புக்கையும் எடுத்தார்.

"எனக்கும் அந்த இருவது ரூவா புடிச்சிருக்காங்களான்னு பாருங்க சார்."

பார்த்தேன். பிடிக்கவில்லை.