அடுத்தவர் பெயரில் ஒரு துண்டிப்பு

டொரண்ட் என்றாலே திருட்டுப் படம் என்று நினைக்கிற தோழர்களுக்கு ராப் டோபோல்ஸ்கியின் கதையைத்தான் முதலில் சொல்வேன். அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனத்தின் இணைய இணைப்பு வைத்திருந்தவர். ‘பார்பர்ஷாப்’ எனப்படும் பழைய குழுப்பாடல்களின் ரசிகர். காப்புரிமை முடிந்துபோன பாடல்களை மற்ற ரசிகர்களோடு பகிர முயன்றார். பதிவேற்றம் நகரவே இல்லை. நெட்வொர்க் வேலை தெரிந்தவர் என்பதால் உட்கார்ந்து ஆராய்ந்தார், 2007இல் தான் கண்டதை வெளியிட்டார்.

நடந்தது இதுதான். இரண்டு கணினிகள் பேசிக்கொண்டிருக்கும்போது கம்பெனியின் கருவி நடுவில் புகுந்து, இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் செய்தியை அனுப்பும். அதுவும் தன் பெயரில் அல்ல, எதிர்முனைக் கணினியே அனுப்பியது போல. மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன்கூடப் பெயர் போடாமல்தான் விடுவான். இவர்கள் அடுத்தவர் பெயரைப் போட்டே எழுதினார்கள். அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளைப் பகிர்ந்து சோதித்தது. பைபிளுக்கும் அதே கதிதான்.

தடுக்கவில்லை, தாமதப்படுத்துகிறோம் என்றது கம்பெனி. நெரிசலைச் சமாளிக்க வேண்டாமா என்றும் கேட்டது. நியாயமான கேள்விதான். கேபிள் இணைப்பில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே பாதையைப் பங்குபோடுகிறார்கள். மேலேற்றும் பாதை இன்னும் குறுகல். ஆனால் நெரிசல்தான் பிரச்சினை என்றால், அந்த நேரத்தில் அதிகம் இழுப்பவரின் வேகத்தைக் குறைக்கலாம், அவர் எந்த மென்பொருள் வைத்திருந்தாலும். 2008 கடைசியில் காம்காஸ்டே அந்த முறைக்குத்தான் மாறியது. முதலிலேயே செய்திருக்கலாமே?

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹார்வர்டில் பொது விசாரணை. இடம்பிடித்து உட்காரக் காசு கொடுத்து ஆள் வைத்ததைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. (நம்ம ஊர்ப் பொதுக்கூட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.) கேட்க வந்த பலர் வெளியே நின்றார்கள். ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 3-2 வாக்கில் கம்பெனி செய்தது தவறு என்றது. 2010 ஏப்ரலில் நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லையென்று உத்தரவை ரத்து செய்தது.

இந்தியாவில் 2018 முதல் இணையச் சமநிலை விதி இருக்கிறது. தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடாது. ஆனால் ‘நியாயமான போக்குவரத்து மேலாண்மை’க்கு விலக்கு உண்டு. காம்காஸ்ட் சொன்ன சாக்கும் அதேதான். எது நியாயம் என்பதைக் கம்பெனியே ரகசியமாக முடிவு செய்தால் நமக்கு எப்படித் தெரியும்? டொரண்டில் லினக்ஸ் இறக்கும்போது அது மட்டும் தவழ்ந்தால், தேதி, நேரம், வேகம் மூன்றையும் குறித்து வையுங்கள். டோபோல்ஸ்கியும் தன் வீட்டுக் கணினியிலிருந்துதான் ஆரம்பித்தார்.