புல்லிலிருந்து எரிபொருள்: பயன் எவர்க்கு?

றொசல்ல, வட்டவளைப் பகுதித் தொழிலாளர்க்கு மானாப் புல் புதிதன்று. கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் அது ஆளுயரம் வளர்வதையும், கோடையில் தீப்பற்றி எரிவதையும் மலைநாடு நன்கறியும். அப்புல்லிலிருந்து மோட்டார் வண்டிக்கு எரிபொருள் வடிக்கலாம் என்றால், 2022ஆம் ஆண்டில் எண்ணெய்க்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற இந்நாடு செவிசாய்க்கவே செய்யும்.

இது வெறுங் கற்பனையன்று. நம்மைப் போலவே தேயிலை விளைக்கும் அசாமில், நுமலிகர் என்னுமிடத்தில், மூங்கிலிலிருந்து எத்தனோல் வடிக்கும் ஆலை 2025 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. மூங்கிலும் புல்லினமே. அரியானாவின் பானிப்பட்டில், வைக்கோலிலிருந்து நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லீற்றர் வடிக்கத்தக்க ஆலை 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

ஆயினும் கரும்பிற்போலப் புல்லில் சர்க்கரை எளிதிற் கிட்டுவதில்லை. அது செலுலோசாகி, லிக்னின் என்னும் பசையாற் பூட்டப்பட்டிருக்கிறது. நறுக்கிய புல்லை நீர்த்த அமிலத்திலோ காரத்திலோ இட்டு வெப்பமூட்டி அப்பூட்டைத் திறந்த பின்னரே, நொதியங்கள் அதனைச் சர்க்கரையாக்கும். மதுவம் அச்சர்க்கரையை எத்தனோலாக்கும். அமிலமும் சூடும் மிகுந்தாற் சர்க்கரையே சிதைந்து, மதுவத்துக்கு நஞ்சாகும். செலவு மிக்கதும் கழிவு தருவதும் இந்த முன்பதப்படுத்தலே. மகாவலிக்கும் களனிக்கும் தலைநீர் வழங்கும் மலையில் அக்கழிவுநீர் எங்கே செல்லும்? இது நமது முதற் கேள்வி.

எந்தப் புல்லை வெட்டுவது? இது இரண்டாவது. மறுநடுகைக்கு முன் தோட்டங்களில் இடப்படும் குவாத்தமாலாப் புல், களைத்த மண்ணைத் தேற்றுவதற்கென்றே வளர்க்கப்படுவது. வெட்டி மண்மேலேயே பரப்பப்படுவது. அதனை ஆலைக்கு அள்ளிச் செல்வது மண்ணின் வாய்ச் சோற்றைப் பறிப்பதாகும். மாட்டுத் தீவனத்திற் கைவைப்பதும் தகாது.

நிலம் எவருடையது? இது மூன்றாவது, தலையாயதும் இதுவே. மலையக மக்கள் இம்மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அவர்களிற் பெரும்பாலோர்க்குக் குடியிருக்கும் நிலத்துக்கே உறுதி இல்லை. தரிசென்று ஒதுக்கிய மலைக்கு நாளை மதிப்பு வருமாயின், இலாபம் குத்தகைக் கம்பனிகளுக்கும், நாட்கூலி புல் வெட்டுவோர்க்கும் என்றாகிவிடும். தேயிலையின் கதை புல்லிலும் தொடரவேண்டுமா?

தரிசு நிலத்தைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உறுதியுடன் பகிர்ந்தளியுங்கள். அவர்தம் கூட்டுறவுச் சங்கமே புல்லை ஆலைக்கு விற்கட்டும். அவ்வாறாயின் இவ்விஞ்ஞானத்தை இருகரம் நீட்டி வரவேற்போம். இன்றேல், மானாப் புல் மலையிலேயே நிற்கட்டும்!